பலகைக்கு அடியில் உள்ள மண்

பழைய மர வீட்டின் தரைப்பலகையை ஒருமுறை பெயர்த்துப் பார்த்தவர்களுக்கு அந்த நெடி எளிதில் மறக்காது. பல்லாண்டுகளாக வெயில் படாத மண், மக்கிப்போன மரச்சீவல், துருவேறிய ஆணி, எலிப்புழுக்கை எல்லாம் கலந்து மூக்கில் ஏறும். நியூசிலாந்தின் ஆக்லாந்து, வெலிங்டன், டனீடன் நகரங்களில், பழைய தெருக்களில், ‘வில்லா’ என்று சொல்லப்படும் வீடுகள் இன்னும் வரிசை வரிசையாக நிற்கின்றன. நூறு வயதைத் தாண்டியவை. டோட்டாரா, பூரிரி போன்ற நாட்டு மரங்களில் வெட்டிய குட்டைத் தூண்கள், அவற்றின் மேல் உத்தரங்கள், உத்தரங்களின் மேல் குறுக்குச் சட்டங்கள், அதற்கும் மேல் ரிமு அல்லது காவ்ரி மரப்பலகை. பலகைக்கும் மண்ணுக்கும் இடையில் ஓர் ஆள் தவழ்ந்து போகுமளவு இருட்டு. அந்த வீடுகளில் குளிர்காலம் கழித்த தலைமுறைகளுக்கெல்லாம் அந்த நெடி பொதுச்சொத்து. சமையலறையில் மட்டும் நிலக்கரி அடுப்பு எரியும்; படுக்கையறைகளில் மூச்சுவிட்டால் புகை தெரியும். காலையில் ஜன்னல் கண்ணாடியில் வழியும் தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுப்பது பிள்ளைகளின் வேலை. வெந்நீர்ப் பையைக் கட்டிக்கொண்டு படுப்பார்கள். இதையெல்லாம் அங்கே யாரும் குறையாகச் சொன்னதில்லை. குளிர் என்றால் இன்னொரு ஸ்வெட்டர் போடு என்பதுதான் ஊர் வழக்கம்.

அந்தத் தலைமுறை தரைக்குச் செய்த ஒரே காப்பு பழைய செய்தித்தாள். லினோலியம் விரிப்பைக் கிழித்து எடுக்கிறவர்கள் இன்றும் அதன் அடியில் பழுப்பேறிய தாள்களைக் காண்கிறார்கள். என்றோ முடிந்த பந்தயத்தின் முடிவும் என்றோ விற்றுத் தீர்ந்த தொப்பியின் விளம்பரமும் அப்படியே இருக்கும். வேலையை நிறுத்திவிட்டுக் குத்துக்காலிட்டு அதைப் படிக்காதவர் அரிது. வேடிக்கை என்னவென்றால், மனிதரைவிட ஆடுகள் பல மடங்கு அதிகமாக இருந்த நாடு அது. உடம்புக்குக் கம்பளி உண்டு, கப்பல் கப்பலாக ஏற்றுமதிக்கும் உண்டு, வீட்டுக்கு மட்டும் கிடையாது. புதிதாகக் கட்டும் வீடுகளில் இன்சுலேஷன் என்ற வெப்பக் காப்பு இருக்க வேண்டும் என்று சட்டம் வந்ததே 1978இல்தான். அதற்கு முன் கட்டிய வீடுகள், 1937இல் தொடங்கிய அரசாங்கக் குடியிருப்புகள் உட்பட, வெறும் பலகையோடு நின்றன. பின்னாளில் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் போய்க் குடியேறிய தமிழர்களும் அந்த வீடுகளுக்கே வாடகைக்குப் போனார்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே நுழையும் வழக்கம் நம்முடையது. ஆகவே வெள்ளைக்காரர் காலணியோடு கடந்துபோன குளிரை நாம் உள்ளங்காலில் வாங்கிக்கொண்டோம். சம்மணமிட்டுச் சாப்பிடுவது பல வீடுகளில் கோடையோடு நின்றது. ஆடி மாதம் அங்கே நடுக்குளிர்காலம் என்பது வேறு.

இப்போது தரைக்கு அடியில் புகுந்து தாங்களே இன்சுலேஷன் போடுகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். கடையில் பஞ்சுச் சுருள் கிடைக்கிறது, எப்படிப் போடுவது என்று அதன் உறையிலேயே படம் போட்டிருக்கிறது. சனி ஞாயிறு இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று இறங்குகிறார்கள். நான் வைக்கும் வாதம் ஒன்றுதான்: தரைக்கு அடியில் இறங்குகிறவர் முதலில் கவனிக்க வேண்டியது மேலே இருக்கும் பலகையை அன்று, கீழே இருக்கும் மண்ணை. மண் ஈரமாக இருக்கும்போது பலகைக்குப் போர்வை போர்த்துவது பாதி வேலைகூட இல்லை. சில வீடுகளில் அது கேடாகவும் முடியும். நியூசிலாந்தின் கட்டட ஆராய்ச்சி நிறுவனமான பிரான்ஸ் (BRANZ) அளந்து சொன்ன கணக்கு இது: வீட்டுக்கு அடியில் மூடப்படாத மண், ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 கிராம் தண்ணீரை ஆவியாக விடும். 100 சதுர மீட்டர் வீட்டுக்கு அது 40 லிட்டர். மூன்று பிளாஸ்டிக் குடம் தண்ணீரைத் தினமும் கூடத்தில் கொட்டினால் எப்படியிருக்கும், அப்படி. மண்ணின் மேற்பரப்பு கைக்குக் காய்ந்தாற்போல் பட்டாலும் ஆவி வருவது நிற்பதில்லை. கீழிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். அதில் ஒரு பகுதி வெளிக்காற்றோடு போய்விடும். மிச்சம் பலகை இடுக்குகள் வழியாக மேலே வந்து அலமாரித் துணியிலும் மெத்தையிலும் சுவர் மூலையிலும் தங்கும். கறுப்புப் பூஞ்சை படர்வதற்கும், மெத்தைக்குள் நுண்பூச்சி பெருகுவதற்கும், ஹீட்டரின் வெப்பத்தில் ஒரு பங்கு ஈரத்தை உலர்த்துவதிலேயே செலவாவதற்கும் அதுவும் ஒரு காரணம்.

கேடாகவும் முடியும் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. இன்சுலேஷன் இல்லாத வீட்டில் அறையின் வெப்பம் பலகை வழியாகக் கீழே கசிந்துகொண்டே இருக்கும். வீட்டுக்காரருக்கு அது நஷ்டம். ஆனால் அந்தக் கசிவுதான் அத்தனை காலமும் அடிச்சட்டங்களைக் கொஞ்சம் வெதுவெதுப்பாகவும், அதனால் உலர்வாகவும் வைத்திருந்தது. பஞ்சை அடைத்ததும் கசிவு குறைகிறது, மேலே பாதம் சுகப்படுகிறது. கீழே பஞ்சுக்கு வெளியில் நீட்டிக்கொண்டிருக்கும் சட்டத்தின் அடிப்பாகமும் உத்தரமும் முன்னைவிடக் குளிர்ந்துபோகின்றன. குளிர்ந்த மரம் ஈரத்தை எளிதில் பிடிக்கும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அழுகல் அண்டாது என்பது தச்சர்களின் பொதுக்கணக்கு. அதைத் தாண்டி நெடுநாள் நின்றால் பூஞ்சை பிடிக்கும். போரர் என்று அங்கே சொல்லப்படும் மரத்துளைப்பான் வண்டுக்கும் ஈரமரம் என்றால் விருந்து. ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய பூச்சி அது. இரண்டு மில்லிமீட்டர் அளவில் குண்டூசியால் குத்தியது போன்ற துளைகளும், அதன் கீழே மாவு போலக் குவிந்த மரத்தூளும் தெரிந்தால் அது வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள். டார்ச் அடித்துப் பார்க்கும்போது ஸ்குரூடிரைவர் ஒன்றை எடுத்துச் சட்டங்களைக் குத்திப் பார்ப்பது நல்லது. நல்ல ரிமு மரத்தில் முனை இறங்காது. உளுத்த மரத்தில் ரொட்டிக்குள் போவதுபோலப் போகும். அப்படிப் போனால் பஞ்சுச் சுருளைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுத் தச்சரைக் கூப்பிட வேண்டியதுதான்.

மண் முதலில், பலகை பிறகு என்ற இந்த வரிசை எனக்கே தோன்றிய ஒன்று அன்று. ஒட்டாகோ பல்கலைக்கழகத்தின் பிலிப்பா ஹவ்டன்-சாப்மனும் அவருடைய குழுவினரும் நடத்தி 2007இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்ளலாம். வருமானம் குறைந்த பகுதிகளில் 1,350 குடும்பங்கள். ஒவ்வொரு வீட்டிலும் மூச்சுக்கோளாறு உள்ள ஒருவராவது இருந்தார். பாதி வீடுகளுக்கு உடனே இன்சுலேஷன் செய்தார்கள், மீதிப் பேருக்கு ஆய்வு முடிந்த பிறகு. செய்தது என்ன என்பதுதான் இங்கே முக்கியம்: கூரைக்கு மேல் பஞ்சு, கதவு ஜன்னல் இடுக்குகளுக்கு அடைப்பு, தரைக்கு அடியில் அலுமினியத் தாள், அதற்கும் கீழே மண்ணின் மேல் பாலிதீன் விரிப்பு. முடிவில் படுக்கையறை வெப்பம் சராசரியாக அரை டிகிரிதான் கூடியிருந்தது. அரை டிகிரிக்கா இவ்வளவு பாடு என்று கேட்கத் தோன்றும். ஆனால் அறைகளின் ஈரப்பதம் குறைந்தது, எரிசக்திச் செலவு மற்ற வீடுகளைவிட ஏறக்குறைய 19 சதவீதம் குறைந்தது, இளைப்பு குறைந்தது, பிள்ளைகள் பள்ளிக்கும் பெரியவர்கள் வேலைக்கும் போடும் மட்டம் குறைந்தது. எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்ததால் இதில் பாலிதீனின் பங்கு எவ்வளவு, பஞ்சின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். என்றாலும் வெப்பமானி அரை டிகிரி நகர்ந்ததற்கு இத்தனை பலன் என்றால், பலனில் ஒரு பகுதி வெப்பமானி காட்டாத இடத்திலிருந்து, அதாவது உலர்விலிருந்து, வந்திருக்கிறது என்று கொள்வது நியாயம். அரசாங்கமும் அப்படித்தான் நினைத்தது போலும். வாடகை வீடுகளுக்கான இன்றைய விதிகளில், மூடிய அடித்தளம் உள்ள வீட்டின் மண்ணுக்கு ஈரத்தடுப்பு விரிப்பு போட வேண்டும் என்பது இன்சுலேஷனிலிருந்து தனியாக, தன் காலிலேயே நிற்கும் ஒரு விதி.

எதிர்க்கேள்விகள் உண்டு. நூறு வருஷம் பாலிதீன் இல்லாமல் நின்ற வீட்டுக்கு இப்போது மட்டும் எதற்கு என்பது அதில் பெரியது. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் அந்த நூறு வருஷமும் வீடு ஒரே மாதிரி வாழவில்லை. அன்று சமையலறையில் அடுப்பு எரிந்தது. புகைபோக்கி ஓயாமல் உள்காற்றை உறிஞ்சி வெளியே தள்ளியது. ஜன்னல் சட்டம் சரியாக மூடாததால் காற்று தானே வந்து போனது. இன்று புகைபோக்கியைச் செங்கல் வைத்து அடைத்தாயிற்று, ஜன்னலுக்கு ரப்பர் பட்டை ஒட்டியாயிற்று. வாரம் ஒருநாள் குளித்த குடும்பங்கள் இருந்த வீட்டில் தினம் நாலு பேர் வெந்நீரில் குளிக்கிறார்கள். துணி வீட்டுக்குள்ளேயே காய்கிறது. நம் வீடுகளில் சோறு வடிக்கும் ஆவியும் இட்லிப்பானை ஆவியும் வேறு. வீட்டுக்கு வெளியிலும் மாற்றம்தான்: பின்னால் மரமேடை கட்டியபோது காற்றுத் துவாரங்கள் அதன் பின்னே போய்விட்டன, பூச்செடிப் பாத்திக்கு மண் உயர்த்தியபோது பக்கத்துத் துவாரங்கள் புதைந்தன, கூரைத்தண்ணீர்க் குழாய் உடைந்து அடித்தளத்துக்குள்ளேயே ஒழுகுவதை எத்தனையோ பேர் வருஷக்கணக்கில் பார்ப்பதில்லை. பழைய வீடு ஈரத்தைத் தாங்கியது உண்மை. தாங்க உதவிய ஏற்பாடுகளை நாமே ஒவ்வொன்றாக எடுத்துவிட்டோம்.

குளிர்காற்று நுழைவதே அந்தத் துவாரங்களால்தான், அவற்றை அடைத்துவிட்டால் பஞ்சும் வேண்டாம் பாலிதீனும் வேண்டாமே என்று இன்னொரு யோசனையும் எழும். கந்தல் துணியைத் திணித்தும் சிமென்ட் பூசியும் அதைச் செய்துபார்த்தவர்கள் உண்டு. வீட்டைக் கொல்வதற்கு அதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. அங்குள்ள கட்டட விதி ஒவ்வொரு சதுர மீட்டர் தரைக்கும் 3,500 சதுர மில்லிமீட்டர் திறப்பு கேட்கிறது. 100 சதுர மீட்டர் வீட்டுக்குச் சுற்றிலும் சேர்த்துப் பார்த்தால் அது ஒரு சிறிய ஜன்னல் அளவு. காற்று அடியில் ஓடட்டும், மேலே ஏறாமல் பார்த்துக்கொள்வோம் என்பதே சரியான ஏற்பாடு. வெப்பம் மேலே போகும் பொருள்தானே, கூரையை மட்டும் கவனித்தால் போதாதா என்பவர்களுக்கு: சூடான காற்று மேலே போகும் என்பது சரி, கூரைக்கே முதலிடம் என்பதும் சரி. ஆனால் திடப்பொருள் வழியே வெப்பம் எந்தத் திசையிலும் குளிரை நோக்கிப் போகும். வில்லாவின் இழப்பில் தரையின் பங்கு பத்தில் ஒன்றுக்குச் சற்று மேல் என்கிறார்கள். அதன் மேல் வெறும் பாதத்தை வைத்து வாழ்கிறவர்களுக்கு அந்தப் பங்கு இன்னும் பெரிதாகத் தெரியும். கம்பளம் விரித்தால் போதும் என்பது செய்தித்தாள் விரித்தவர்களின் வாதம்தான். கால் சில்லிடுவது நிற்கும், ஈரம் நிற்காது. சில வீடுகளில் கம்பளத்தின் அடிப்பக்கத்திலேயே பூஞ்சை பூத்துக் கிடக்கும்.

இனிக் கீழே இறங்கி வேலை செய்வது. முகமூடி, கண்ணாடி, கையுறை, முழுக்கை உடை இல்லாமல் இறங்கக் கூடாது. கிளாஸ் வுல் பஞ்சு அரிக்கும், அதைவிட மோசமாகப் பழைய பெயின்ட்டின் ஈயமும் ஆஸ்பெஸ்டாஸ் துண்டுகளும் அந்த மண்ணில் கிடக்கலாம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பேட்டரி விளக்கோடு போக வேண்டும். இது சம்பிரதாய எச்சரிக்கை கிடையாது. மேலே சொன்ன ஆய்வில் பயன்படுத்திய அலுமினியத் தாள் ஒரு காலத்தில் எல்லோரும் போட்டதுதான். அதைச் சட்டத்தில் ஸ்டேப்ளர் கொண்டு அடிக்கும்போது ஊசி மின்கம்பியில் இறங்கினால் தாள் முழுவதும் மின்சாரம் பாயும்; அடிப்பவரோ ஈரமண்ணில் மல்லாந்து படுத்திருப்பவர். அப்படி உயிர்கள் போன பிறகு, ஏற்கெனவே மின்இணைப்பு உள்ள வீடுகளில் அந்தத் தாளைப் புதிதாகப் போடுவதையும் பழுதுபார்ப்பதையும் நியூசிலாந்து 2016 ஜூலை 1 முதல் தடைசெய்துவிட்டது. பக்கத்து ஆஸ்திரேலியாவில் 2009இல் தொடங்கிய அரசு இன்சுலேஷன் திட்டத்தில் நான்கு இளம் தொழிலாளிகள் இறந்து, 2014இல் விசாரணைக் கமிஷனே அமர்ந்தது. பழைய தாள் கிழிந்து தொங்குவதைப் பார்த்தால் மின்சாரம் அணைந்திருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை உறுதிசெய்யாமல் தொடாதீர்கள்.

பாலிதீன் 0.25 மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும். ஒரு விரிப்பு அடுத்ததன் மேல் 150 மில்லிமீட்டர் ஏறிக்கிடந்து டேப் ஒட்டியிருக்க வேண்டும். ஒவ்வொரு தூணையும் சுற்றி வெட்டி ஒட்டி, அடித்தளச் சுவர்வரை கொண்டுபோக வேண்டும். சலிப்பூட்டும் வேலை. முதுகு மண்ணில், மூக்குக்கு ஒரு சாண் மேலே சிலந்திவலை. அடித்தளம் காய்ந்த பிறகு, ஒழுகும் குழாய் எல்லாம் சரியான பிறகு, பஞ்சு. அதன் சூட்சுமம் ஒன்றே: பலகையின் அடிவயிற்றோடு ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பஞ்சுக்கும் பலகைக்கும் நடுவில் இரண்டு விரற்கடை இடைவெளி விழுந்தாலும் வெலிங்டன் காற்று அதற்குள் புகுந்து ஓடும், போட்டதும் போடாததும் ஒன்றாகிவிடும். பழைய தச்சர்கள் சட்டங்களைச் சீரான இடைவெளியில் வைத்தார்கள் என்று நம்பி ஒரே அளவில் வெட்டித் தள்ளக் கூடாது. ஒரே அறைக்குள் ஒரு கட்டம் ஒடுங்கியும் அடுத்தது அகன்றும் இருக்கும். ஒவ்வொன்றையும் அளந்து, சற்றே கூடுதலாக வெட்டி, இறுக்கிச் செருகி, கீழே பிளாஸ்டிக் பட்டை கட்ட வேண்டும். தெர்மகோல் பலகை போடுகிறவர்கள் அது பழைய பிவிசி மின்கம்பியைத் தொடாமல் பார்க்க வேண்டும். இரண்டும் ஒட்டியிருந்தால் கம்பியின் உறை நாளடைவில் மென்மை இழந்து விறைத்துப்போகும்.

இவ்வளவு இருக்கிறதே, கூலிக்கு ஆள் வைத்தால் என்ன என்று கேட்கலாம். வைக்கலாம். தவழ முடியாத அளவு தாழ்ந்த வீட்டுக்கும், மூச்சுக்கோளாறு உள்ளவர்களுக்கும் அதுவே சரி. 2018இல் தொடங்கிய ‘வார்மர் கிவி ஹோம்ஸ்’ என்ற மானியத் திட்டம் வருமானம் குறைந்த வீட்டுச் சொந்தக்காரர்களுக்காக வந்தது. இறங்குவதற்கு முன் தகுதி உண்டா என்று விசாரித்துக்கொள்வது நல்லது. மற்றபடி சுவருக்குள் இன்சுலேஷன் வைக்கக் கவுன்சில் அனுமதி வேண்டும், தரைக்கும் கூரைக்கும் வேண்டியதில்லை. தானே செய்வதற்குச் சட்டம் குறுக்கே நிற்பதில்லை. சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர் இருட்டு மூலையில் ஒடுங்கிய கட்டத்தை அளந்து வெட்டுவார் என்று எதிர்பார்க்க முடியாது, குடியிருப்பவர் வெட்டுவார். சொந்தக் கையால் செய்வதற்கு ஆதரவாக நான் சொல்லக்கூடிய உருப்படியான காரணம் இதுதான், பணமெல்லாம் அப்புறம். வாடகைக்கு இருப்பவர்கள் மட்டும் தயவுசெய்து தரைக்கு அடியில் புகாதீர்கள். 2019 ஜூலை 1 முதல், ஆள் புகுந்து வேலைசெய்ய வழியுள்ள வாடகை வீடுகளில் கூரைக்கும் தரைக்கும் இன்சுலேஷன் போட்டுத் தருவது வீட்டுக்காரரின் கடமை. மண்ணுக்கு விரிப்பு போடுவதும் அவர் பொறுப்பே. எழுத்தில் கேளுங்கள். சொந்த வீடென்றால் மார்ச், ஏப்ரலில், மழை தொடங்குவதற்குள், முதலில் துவாரங்களைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். கடைக்குப் போகும்போது பஞ்சுக்கு முன்னால் பாலிதீன் சுருளை வாங்குங்கள்.